தொடை தாங்கினால் முழங்கால் தாங்கும்

எமது இளமையில் இக்கரையோரத்துப் பள்ளிவாசல்களில் காணாத ஒரு காட்சியை இன்று காண்கிறோம். ஸஃப்பின் இரு ஓரங்களிலும் நாற்காலிகள் வரிசையாக நிற்கின்றன. முதலில் ஒன்று வந்தது. பின்னர் நான்காயிற்று. இன்று ஜும்ஆ நாளில் சற்றுத் தாமதித்து வரும் முதியவருக்கு நாற்காலி கிடைப்பது அரிது. நாற்காலியில் அமர்பவர்களோ எண்பது வயதைக் கடந்தவர்கள் மட்டும் அல்லர். ஐம்பத்தைந்து, அறுபது வயதுடையவர்களும் அங்கே இருக்கிறார்கள். காரணம் கேட்டால் அனைவரிடமிருந்தும் ஒரே விடைதான் வரும்: முழங்கால்.

அவர்களுள் ஒருவர் எமக்கு நெடுநாள் பழக்கமானவர். கொழும்பில் முப்பது ஆண்டுகள் துணி வாணிபம் செய்து ஊர் திரும்பியவர். ஒருநாள் லுஹர் தொழுகைக்குப் பின் எம்மை அருகில் அழைத்து, "ஆலிம்சா, முழங்காலில் எலும்பு தேய்ந்துவிட்டதாம், எக்ஸ்ரேயில் தெரிகிறதாம். இனிமேல் அதிகம் அசைக்காமல் வைத்திருந்தால்தான் மிச்சமாவது நிலைக்கும் என்கிறார்கள்" என்றார். "யார் சொன்னது காக்கா, மருத்துவரா?" என்று கேட்டோம். "எல்லாரும் சொல்கிறார்கள்" என்றார்.

எல்லாரும் சொன்னதை அவர் அப்படியே கடைப்பிடித்தார். பள்ளிவாசலுக்கு நடந்து வருவதை நிறுத்தினார். மகனின் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வீட்டு மாடிப்படியைத் துறந்தார். தரையில் அமர்வதை விட்டார். இரண்டாண்டுகள் சென்றன. வலி குறைந்ததா என்றால் இல்லை. நாற்காலியிலிருந்து எழுவதற்கே இரு கைகளாலும் அதன் பிடியை அழுத்த வேண்டிய நிலை வந்தது. உம்ராவுக்கெனச் சேர்த்து வைத்திருந்த பணம் பெட்டியிலேயே இருந்தது. ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை நடந்தால் மூன்று கிலோமீட்டருக்கும் மேலாகிறது. அங்கே சக்கர நாற்காலி கிடைக்கும் என்று நாம் எடுத்துச் சொன்னோம். ஆயினும் தம் காலால் நடந்து ஸயீ செய்ய வேண்டும் என்னும் ஆசை அவருக்கு. அந்த ஆசையைக் குறை கூற எமக்கு மனம் வரவில்லை.

அவரைப் பற்றி எழுதும் எமக்கும் இதில் பங்கு உண்டு. எமது ஐம்பத்து நான்காம் வயதில், ரமலான் மாதத் தராவீஹ் தொழுகையில், பன்னிரண்டாம் ரக்அத்தில் எழும்போது வலது முழங்கால் எம்மைக் கைவிட்டது. பக்கத்தில் நின்றவரின் தோளைப் பற்றிக்கொண்டோம். பெருநாள் கழிந்ததும் தூத்துக்குடியில் மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். அவர் முழங்காலை ஒரு நிமிடம் பார்த்தார். தொடையை ஐந்து நிமிடம் பார்த்தார். "வலி கீழே இருக்கிறது டாக்டர், நீங்கள் மேலே பார்க்கிறீர்களே" என்றோம். அவர் சிரித்துக்கொண்டே நாடாவை எடுத்து இரு தொடைகளின் சுற்றளவையும் அளந்தார். வலது தொடை இளைத்திருந்தது. பின்னர் இரு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து அமருமாறு சொன்னார். அரை நிமிடத்தில் எத்தனை முறை என்பது கணக்கு. ஏழாவது முறை எம்மால் எழ இயலவில்லை. நாளெல்லாம் பாய் மேல் அமர்ந்து கிதாபு ஓதிக்கொடுக்கும் தொழில் எம்முடையது. அத்தொழில் தொடைக்குச் செய்வது என்ன என்பதை அன்றுதான் அறிந்தோம்.

மூட்டைப் பிடித்திருக்கும் தசை

தொடையின் முன்புறத்திலே நான்கு தலைகளைக் கொண்ட ஒரு பெருந்தசை இருக்கிறது. குவாட்ரிசெப்ஸ் என்று மருத்துவர்கள் அதனை வழங்குவர். மேலே இடுப்பெலும்பிலும் தொடையெலும்பிலும் தொடங்கும் அந்த நான்கு பகுதிகளும் கீழே ஒன்றாகத் திரண்டு, முழங்காற்சில்லைப் பற்றி, அதனைக் கடந்து கணைக்கால் எலும்பின் முன்மேட்டிலே சென்று பொருந்துகின்றன. மடங்கிய காலை நீட்டுவது இத்தசையின் வேலை. எழுவதும், படி ஏறுவதும், நிலையிலிருந்து ஸுஜூதுக்கு மெல்லத் தாழ்வதும் இதன் துணையாலேயே நடைபெறுகின்றன.

இதன் வேலை அத்துடன் முடிவதில்லை. நடக்கும்போது குதிகால் தரையைத் தொடும் கணத்தில் உடலின் சுமை மூட்டை நோக்கி இறங்குகிறது. அக்கணத்தில் தொடைத்தசை சிறிது நீண்டுகொடுத்து, அதே வேளையில் இறுகி, அந்த அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்கிறது. துறைமுகத்தில் கப்பலைக் கரையோடு கட்டும்போது இடையில் வைக்கும் ரப்பர் தாங்கிகளை நம்மவர் பலர் பார்த்திருப்பர். அந்தத் தாங்கி தேய்ந்துபோனால் கப்பலின் மோதல் முழுவதும் சுவருக்கே செல்லும். தொடைத்தசை தளர்ந்தவரின் முழங்காலும் அச்சுவரின் நிலையில்தான் இருக்கிறது.

மூட்டுக்குள்ளே எவ்வளவு சுமை இறங்குகிறது என்பதை ஜெர்மனியின் பெர்லின் நகர அறிஞர்கள் நேராகவே அளந்திருக்கிறார்கள். செயற்கை முழங்கால் பொருத்தப்பட்ட ஐவரின் மூட்டுக்குள்ளேயே அளவுக் கருவியை வைத்து 2010ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட கணக்கு இது: சமதளத்தில் நடக்கும்போது உடல் எடையைப் போல் ஏறத்தாழ 2.6 மடங்கு, படி ஏறும்போது 3.2 மடங்கு, படி இறங்கும்போது 3.5 மடங்கு. "ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதுதான் வலிக்கிறது" என்று நம் வீட்டு உம்மாமார்கள் சொல்வதைப் பலர் வெறும் பேச்சாக எண்ணிவிடுகிறோம். அளவுக் கருவி அவர்கள் பக்கமே பேசுகிறது.

இனி மூட்டுத் தேய்வு என்பது என்ன? எலும்புகளின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. அதற்கு இரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. சுமை ஏறும்போது கடற்பஞ்சு போல் அமுங்கி, சுமை இறங்கும்போது மூட்டு நீரை உறிஞ்சி, அந்த நீரிலிருந்தே அது தன் உணவைப் பெறுகிறது. ஆகவே அசையாத மூட்டின் குருத்தெலும்பு பட்டினி கிடக்கிறது. அசைக்காமல் வைத்திருந்தால் மிச்சம் நிலைக்கும் என்னும் பேச்சு இவ்விடத்திலேயே தவறிவிடுகிறது. ஓட்டத்தில் தேயும் மாட்டுவண்டி அச்சைப் போல் மூட்டை எண்ணுகிறோம். அச்சுக்கு உயிர் இல்லை, மூட்டுக்கு உயிர் உண்டு. வயது, உடற்பருமன், பழைய அடி, குடும்ப வழி, பல்லாண்டுச் சுமை வேலை இவை யாவும் சேர்ந்து குருத்தெலும்பை மட்டுமன்றி, அடியெலும்பையும் மூட்டின் உறையையும் தசையையும் கெடுக்கும் நோய் இது. நம் சித்த மருத்துவர்கள் இதனை அழல் கீல்வாயு என்று குறித்தனர்.

எக்ஸ்ரேயில் தெரியும் தேய்வும், மனிதர் உணரும் வலியும் ஒத்துப் போவதில்லை என்பதையும் இங்கே கூறவேண்டும். படத்தில் மிகவும் தேய்ந்த முழங்காலோடு வலியின்றி நடப்பவர் உளர். படத்தில் சிறிதே தேய்ந்திருக்க, படுத்த படுக்கையாய்த் துன்புறுவோரும் உளர். படத்தைக் கண்டு நடுங்குவோர் இதனை நினைவிற் கொள்வார்களாக.

முட்டையா, கோழியா?

மூட்டு நோயாளிகளின் தொடை இளைத்திருப்பதை மருத்துவர்கள் பன்னெடுங்காலமாக அறிவர். வலியினால் காலைப் பயன்படுத்தாமல் விட்டதே இளைப்புக்குக் காரணம் என்று அவர்கள் கருதிவந்தனர். 1997ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தார், 65 வயதுக்கு மேற்பட்ட 462 பேரைப் பரிசோதித்து அக்கருத்தை அசைத்துவிட்டனர். படத்தில் தேய்வு இருந்தும் வலியே இல்லாதவர்களிடத்திலும் தொடைத்தசையின் வலிமை குறைந்திருந்தது. வலி வருமுன்பே தளர்ச்சி அங்கே குடியேறியிருந்தது. பெண்களைப் பொறுத்தவரை, உடல் எடைக்கு ஏற்ற தொடை வலிமை இல்லாமை பின்னாளில் மூட்டு நோய் வருவதற்கு ஒரு வழியாகலாம் என்பதையும் அவர்கள் அடுத்த ஆண்டே எடுத்துக் காட்டினர்.

வலி வந்தபின் மற்றொரு தீங்கும் சேர்கிறது. மூட்டில் நீர் கோத்து வீங்கினால், அங்கிருந்து செல்லும் நரம்புச் செய்தி முதுகுத்தண்டை அடைந்து, தொடைத்தசைக்கு வரும் ஏவலையே தடுத்துவிடுகிறது. மனிதர் முயன்றாலும் தசை முழுமையாக இறுகுவதில்லை. எம் முழங்கால் பன்னிரண்டாம் ரக்அத்தில் திடீரெனக் கைவிட்டதும் இவ்வகையே என்று மருத்துவர் விளக்கினார். வலி தளர்ச்சியை வளர்க்கிறது, தளர்ச்சி வலியை வளர்க்கிறது. கொழும்புக்காரக் காக்கா அகப்பட்ட சுழல் இதுவே.

அந்தச் சுழலிலிருந்து வெளியேற முடியுமா? 1997ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் 60 வயதைக் கடந்த 439 மூட்டு நோயாளிகளை மூன்று பிரிவாக்கி 18 மாதங்கள் கவனித்தனர். ஒரு பிரிவினர் நடந்தனர். ஒரு பிரிவினர் எடை தூக்கித் தசையை வலுவாக்கினர். மூன்றாம் பிரிவினர் அறிவுரை மட்டும் கேட்டனர். முதலிரு பிரிவினருக்கும் வலியும் முடக்கமும் குறைந்தன. குறைந்த அளவு நூற்றுக்குப் பத்தை ஒட்டியது. பெரிய அளவென்று சொல்வதற்கில்லை. 2015ஆம் ஆண்டில் காக்ரேன் என்னும் உலகளாவிய அமைப்பினர் 54 ஆய்வுகளைத் திரட்டி, பயிற்சியால் வலி குறைகிறது, நடமாட்டம் சிறக்கிறது என்று தீர்ப்பளித்தனர். அதே அமைப்பினர் 2024ஆம் ஆண்டில் 139 ஆய்வுகளைத் திரட்டி மீண்டும் நோக்கியபோது, பலன் உண்டு, ஆயின் முன்னர் எண்ணியதை விடச் சிறிது என்று தம் தீர்ப்பைத் திருத்திக்கொண்டனர். தாம் முன்பு சொன்னதைத் தாமே திருத்தும் இந்த நேர்மை எமக்குப் பிடித்திருக்கிறது. நம் இமாம்களும் பழைய சொல், புதிய சொல் என்று இரண்டை விட்டுச் சென்றவர்கள் அன்றோ!

மிகுதியாகச் செய்தால் மிகுதியாகப் பலிக்குமோ என்னும் ஆசைக்கும் விடை இருக்கிறது. 2021ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றில் 377 பேர் 18 மாதங்கள் பங்கு கொண்டனர். கடும் எடை தூக்கியோர்க்கும், இலேசான எடை தூக்கியோர்க்கும், நல்லுரை கேட்டு வந்தோர்க்கும் இடையே வலியில் பெரிய வேறுபாடு தோன்றவில்லை. ஆகவே அறுபது வயதில் உடற்பயிற்சிக் கூடத்துக்குச் சென்று இரும்போடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. கால்கள் வில்லாக வளைந்தோர்க்கும், மூட்டின் பிணைப்பு தளர்ந்தோர்க்கும் மற்றொரு எச்சரிக்கை உண்டு. அத்தகையோரிடத்தில் தொடை வலிமை மிகுந்திருந்தவர்களுக்கே நோய் விரைந்து வளர்ந்ததைச் சிகாகோ நகர ஆய்வாளர்கள் 2003இல் கண்டனர். அவர்கள் மருத்துவர் காட்டும் முறையிலன்றித் தாமாகப் பயிற்சி தொடங்கலாகாது.

குளியாளின் காலும் உப்பளத்துக் காலும்

இக்கரையின் மூத்தோரைக் கேட்டால், "எங்கள் காலத்தில் யாருக்கு முழங்கால் வலி இருந்தது?" என்பார்கள். முத்துக்குளித்தோரின் கால்களை அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் முத்துக்குளிப்பு நடைபெற்றது. அதன்பின் அது நடைபெறவில்லை. பரதவர்களோடு கீழக்கரை, காயல்பட்டினத்து முஸ்லிம் குளியாட்களும் தோணி ஏறினர். எட்டுப் பாகம், பத்துப் பாகம் ஆழத்துக்குக் கல்லின் மீது காலூன்றி இறங்கி, சிப்பிகளைக் கூடையில் திரட்டி, மூச்சு முட்டும்போது கயிற்றை அசைத்து மேலே வருவார்கள். ஒரு நாளில் பலமுறை இவ்வாறு செய்தவர்களின் தொடை எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. நீருக்குள்ளே உடலின் சுமை மூட்டில் இறங்குவதும் இல்லை. நீந்துவதும் நீரில் நடப்பதும் மூட்டு நோயாளிக்கு உகந்த பயிற்சி என்று இன்றைய மருத்துவர்கள் சொல்வதற்கும் காரணம் இதுவே.

ஆயினும் மூத்தோரின் பேச்சை முழுவதும் ஏற்பதற்கில்லை. குளியாளின் காலைப் புகழ்வோர் உப்பளத் தொழிலாளியின் காலையும் நோக்கவேண்டும். குஜராத்துக்கு அடுத்தபடி நாட்டில் மிகுதியாக உப்பு விளைவது நம் மாநிலத்தில். அதில் பெரும்பங்கு தூத்துக்குடி வட்டாரத்தில். பாத்தியில் உப்பு வாரி, தலைச்சுமையாக வரப்பேறிக் கொட்டும் பெண்களுக்குத் தொடை வலிமை இல்லை என்று யார் சொல்வார்? அவர்களுக்கும் முழங்கால் நோகத்தான் செய்கிறது. பல்லாண்டுகள் சுமை தூக்குவோர்க்கும், மண்டியிட்டும் குந்தியும் வேலை செய்வோர்க்கும் மூட்டு நோய் மிகுதி என்பது பல நாடுகளில் தெளிவான உண்மை. சீனத்தின் பெய்ஜிங் நகரில் செய்த ஆய்வொன்று 2004இல் வெளிவந்தது. இளமையில் நாள்தோறும் மூன்று மணி நேரத்துக்கு மேல் குந்தியிருந்தவர்களுக்கு முதுமையில் மூட்டுத் தேய்வு ஏறத்தாழ இரு மடங்கு மிகுந்திருந்ததை அது காட்டியது. உழைப்பாளிக்கு வேண்டியது மேலும் பயிற்சியன்று. சுமையைக் குறைக்கும் தள்ளுவண்டியும், இடையிடையே ஓய்வும், நல்ல காலணியுமே. தொடைப் பயிற்சியை நாம் எழுதுவது பெரிதும் அமர்ந்தே பொழுது போக்கும் நம் வீட்டவர்க்காக. இந்த வேறுபாட்டை மறந்து எல்லாருக்கும் ஒரே மருந்தைக் கொடுப்பது அநீதி.

நம் நாட்டில் ஐந்து நகரங்களையும் அவற்றைச் சூழ்ந்த ஊர்களையும் ஆய்ந்து 2016இல் வெளியிட்ட கணக்கின்படி, நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேருக்கு முழங்கால் மூட்டுத் தேய்வு காணப்பட்டது. ஆண்களை விடப் பெண்களுக்கே மிகுதி. மாதவிடாய் நின்றபின் அது விரைகிறது. வீட்டுக்குள்ளேயே வாழ்வின் பெரும்பகுதியைக் கழித்த நம் உம்மாமார்கள் அம்மிக்கும் கிணற்றுக்கும் எழுந்தமர்ந்த காலம் போயிற்று. கிணற்றை மீண்டும் வெட்டுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அந்த எழுந்தமர்தலுக்கு ஈடாக ஒன்றை அவர்களுக்குக் கொடுக்கவேண்டும் என்கிறோம்.

பதினேழு முறை எழுதல்

தொழுகையை உடற்பயிற்சி என்று புகழ்ந்து பேசுவது இக்காலத்துப் பழக்கம். அது எமக்கு உடன்பாடன்று. தொழுகை இறைவனுக்குரிய வணக்கம்; அதற்கு வேறு பயனைக் கற்பித்து விலை ஏற்ற வேண்டியதில்லை. எனினும் உடல் கொண்டே தொழுகிறோம் என்பதால் உடலின் கணக்கையும் பார்க்கலாம். ஒருநாளின் பர்ளுத் தொழுகை 17 ரக்அத்துகள். அவற்றுள் 34 ஸுஜூதுகள். தொழுகைக்குள்ளேயே தரையிலிருந்து நிலைக்கு எழுவது 12 முறை, ஸலாம் கொடுத்தபின் எழுவது 5 முறை, ஆக 17. தராவீஹ் நாள்களில் மேலும் 20. தொடைத்தசை தளர்ந்தவருக்கு இந்த எழுதலே மலையாகிறது.

எழும் முறையைப் பற்றி நம் பிக்ஹு நூலோர் நுணுக்கமாகப் பேசியிருக்கிறார்கள். இரண்டாம் ஸுஜூதுக்குப் பின் சற்றே அமர்ந்து, கைகளைத் தரையில் ஊன்றி எழுவது ஷாபிஈ மத்ஹபில் ஸுன்னத்து. மாலிக் இப்னுல் ஹுவைரிஸ் (ரலி) அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களின் தொழுகையை அவ்வாறு செய்து காட்டியதை இமாம் புகாரி பதிவு செய்துள்ளார்கள். ஹனபி அறிஞர்களோ, அண்ணலாருக்கு வயது முதிர்ந்த காலத்தில் நிகழ்ந்தது அது என விளக்கி, முடிந்தவர் கை ஊன்றாமல் எழுவதையே சிறப்பாகக் கொண்டனர். இரு சாராரின் சொல்லிலும் முழங்கால் நோயாளிக்கு இடம் இருக்கிறது. கை ஊன்றி எழுந்தால் மூட்டின் சுமையில் ஒரு பங்கு கைகளுக்குச் செல்கிறது. கை ஊன்றுவதை இளைஞர் எதிரில் வெட்கமாகக் கருதும் பெரியவர்கள் இதனை அறிந்துகொள்ளட்டும்.

நாற்காலி பற்றிய சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். மூலநோயால் துன்புற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் கேட்டபோது, நின்று தொழவும், இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் விலாப்புறமாகப் படுத்தும் தொழவும் நாயகம் (ஸல்) அவர்கள் வழி காட்டினார்கள். இயலாமை எதுவரை என்பதே கேள்வி. தாங்கொணாத வருத்தம், அல்லது நோய் பெருகும் என்னும் அச்சம் இருந்தால் அமர்ந்து தொழலாம் என்பர் நம் இமாம்கள். இரண்டாவதை அறிந்து சொல்லவேண்டியவர் நம்பிக்கைக்குரிய மருத்துவர். ஆகவே மருத்துவரிடம் செல்வதும் இங்கே சட்டத்தின் ஒரு பகுதியாகிறது. ஸுஜூது செய்ய முடியாதவர், நிற்க மட்டும் முடியுமானால், பர்ளுத் தொழுகையில் நிற்கவேண்டிய இடத்தில் நிற்பது ஷாபிஈ மத்ஹபில் கடமை. ஸுஜூதின் நேரத்தில் அவர் நாற்காலியில் அமர்ந்து, ருகூஉவை விடத் தாழ்வாகக் குனிந்து சாடை காட்டுவார். ஹனபி மத்ஹபிலோ அத்தகையோருக்கு நிலை நீங்கிவிடுகிறது. தத்தம் மத்ஹபின் ஆலிம்களிடம் விவரம் கேட்டுக்கொள்க. பள்ளிவாசலுக்கு நடந்து வந்து, வாசலில் நின்று அரைமணி நேரம் ஊர்க்கதை பேசி, தக்பீர் கட்டும்போது மட்டும் அமர்ந்துகொள்ளும் சிலரைக் காண்கிறோம். அவர்களுக்காகத்தான் இவ்வளவும் எழுதலாயிற்று. உண்மையில் இயலாதவர் எவ்வித மனக்குறையும் இன்றி அமரட்டும். அவர்களை ஏறிட்டுப் பார்ப்பதும் பிழை.

செய்யவேண்டியது என்ன?

எமக்கு மருத்துவர் காட்டியவை நான்கே. இவற்றுக்குக் கருவியும் வேண்டா, கட்டணமும் வேண்டா.

முதலாவது, காலை நீட்டி அமர்ந்து, முழங்காலுக்கடியில் துவாலையைச் சுருட்டி வைத்து, அதனைக் கீழ்நோக்கி அழுத்துவது. தொடை இறுகுவது கைக்குத் தெரியவேண்டும். ஐந்து எண்ணும் வரை பிடித்து, பின் விடவேண்டும். பத்துமுறை செய்யவேண்டும். வீக்கமும் வலியும் உள்ள நாள்களிலும் இதனைச் செய்யலாம். மூட்டு அசைவதே இல்லை. இரண்டாவது, மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி ஊன்றி, மற்றொரு காலை வளைக்காமல் ஒரு சாண் உயரம் தூக்கி, ஐந்து எண்ணி, மெல்ல இறக்குவது. மூன்றாவது, நாற்காலியின் நுனியில் அமர்ந்து காலை நேராக நீட்டி நிறுத்துவது. நான்காவதே தலையாயது. உறுதியான நாற்காலியை முன்னே சொன்னவாறு சுவரோடு சேர்த்துப் போட்டு, கைகளின் துணையின்றி எழுந்து, மிக மெல்ல அமர்வது. அமரும் வேகத்தைக் கட்டுப்படுத்துவதிலேதான் தசை வளர்கிறது. தொப்பென்று விழுந்தால் பயனில்லை. தொடக்கத்தில் உயரமான நாற்காலியைக் கொள்க. முடியாவிட்டால் கையின் துணையைச் சிறிது கொண்டு, நாளடைவில் குறைத்துக்கொள்க.

வாரத்தில் மூன்று நாள் போதும். இடையில் ஒருநாள் ஓய்வு. பத்தாம் நாளில் பலனைத் தேடி ஏமாறவேண்டா. எட்டு வாரம், பன்னிரண்டு வாரம் பொறுக்கவேண்டும். நிறுத்தினால் பலனும் மெல்ல நழுவிவிடும். பயிற்சியின்போது சிறிது வலிப்பது கேடன்று. அவ்வலி மறுநாள் காலையிலும் நீடித்தால் செய்தது மிகுதி. அடுத்த முறை பாதியாக்குக. இவற்றோடு நடைப்பயிற்சியும் சேரவேண்டும்.

எடையைப் பற்றிச் சொன்னால் நம் வீடுகளில் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறோம். உடலில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று 2005இல் கணக்கிட்டிருக்கிறார்கள். தூத்துக்குடி மக்ரூனும் காயல்பட்டினத்துத் தம்மடையும் நம் பெருமைக்குரியவை. பெருமையை நாள்தோறும் உண்ணவேண்டும் என்பதில்லை. தசை வளர்வதற்குப் புரதம் வேண்டும். அதற்குக் கடலோரத்தில் பிறந்தவர்க்கு மீன் இருக்கிறது. இரவில் சோற்றைக் குறைத்து மீனைக் கூட்டிக்கொள்ளலாம். பொரித்ததை அன்று, ஆணத்தில் இட்டதை!

மூட்டு சூடேறிச் சிவந்து வீங்கினால், காய்ச்சல் சேர்ந்தால், அடிபட்டபின் கால் ஊன்ற முடியாவிட்டால், மடக்கிய கால் பூட்டிக்கொண்டு நீட்ட வராவிட்டால், பயிற்சியை விட்டு உடனே மருத்துவரை நாடவேண்டும். இதய நோயும், கட்டுப்படாத இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் தொடங்குமுன் கேட்டுக்கொள்ளவேண்டும். வீட்டை விட்டு வெளியே வர இயலாத முதியோருக்கு, தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பார்க்கலாம். மாமியார்க்கும் மூத்தும்மாவுக்கும் இதைக் கேட்டுக் கொடுப்பது வீட்டு இளையோரின் வேலை.

எல்லாம் செய்தும் வலி தீராமல், உறக்கம் கெட்டு, நடை முடங்கினால், மூட்டு மாற்று அறுவையும் நல்ல வழியே. பெரும்பாலோருக்கு அது வலியைத் தீர்க்கிறது. ஆனால் அதன்பின் முன்போல் காலை முற்றிலும் மடக்கி அத்தஹிய்யாத்தில் அமர்வது பலருக்கு வாய்ப்பதில்லை என்பதை முன்கூட்டியே அறிந்து, அறுவை மருத்துவரிடம் தொழுகையைப் பற்றி வாய்திறந்து கேட்கவேண்டும். அறுவைக்கு முன் தொடையை வலுப்படுத்தி வைத்திருப்பவர் பின்னர் விரைந்து நடக்கவும் ஏதுவாகும்.

கொழும்புக்காரக் காக்காவிடம் இவற்றையெல்லாம் சொன்னபோது அவர் நம்பவில்லை. "தேய்ந்ததை மேலும் தேய்க்கச் சொல்கிறீர்களா?" என்றார். எம் தொடையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னோம். பின்னர் அவருடைய பேரன், பள்ளி மாணவன், நாள்தோறும் மஃரிபுக்குப் பின் எண்ணிக்கை சொல்ல அமர்த்தப்பட்டான். முதல் வாரம் இரண்டு முறை எழுந்தார். நான்காம் மாதத்தில் பதினொன்று. ஸ்கூட்டர் இப்போது மழை நாளில் மட்டும் வருகிறது. ஸுஜூதுக்கு அவருக்கு இன்னும் நாற்காலி வேண்டியிருக்கிறது, நிலையில் நிற்கிறார். எமக்கோ ஸுபுஹின் இரண்டு ரக்அத்தும் தரையில் நிறைவேறுகின்றன. இஷாவின் கடைசி ரக்அத்தில் மட்டும் கை ஊன்றி எழுகிறோம். சென்ற வாரம் காக்கா கடவுச்சீட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருப்பதாகச் சொன்னார்.